அயுத்தயாவில் ஒரு நாள்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். சின்னவனுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம்.

மாணவர்களோடு தாய்லாந்து போய்வந்ததைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாங்காக் கதையை நேரில் பேசிக்கொள்ளலாம். நடுவில் ஒருநாள் அந்த நாட்டின் பழைய தலைநகரான அயுத்தயா போனோம், அதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாங்காக்குக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். வேன் பேசிவிடலாம் என்றார்கள் சிலர். நான் பிடிவாதமாக ரயிலில் கூட்டிப்போனேன். மூன்றாம் வகுப்பு, திறந்த ஜன்னல், இரண்டு பக்கமும் வயல். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் பா சாக் ஆறு. சின்னப் படகில் அக்கரை சேர்ந்தால் பழைய நகரம். சாவ் பிரயா, லோப்புரி, பா சாக் என்று மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு அது. 1350-ல் ராமாதிபோதி அரசர் ஏன் இந்த இடத்தைத் தலைநகராகத் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. படகில் ஏறியதுமே பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது.

கரையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு முதலில் வாட் மஹாதாத் (வாட் என்றால் கோயில்). மர வேர்களுக்கு நடுவே புத்தரின் தலை இருக்கும் படத்தை நீயும் பார்த்திருப்பாய். நம் தலை புத்தரின் தலையைவிட உயர்ந்திருக்கக் கூடாது என்பதால் கீழே உட்கார்ந்துதான் படம் எடுக்க வேண்டும். பிள்ளைகள் அதைச் சரியாகக் கடைப்பிடித்தார்கள். ஆனால் கூட்டம் மொத்தமும் அந்த ஒரு மரத்தடியிலேயே நிற்கிறது. நாலடி தள்ளி, தலை இல்லாத புத்தர் சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பக்கம் ஆளே இல்லை. எனக்கு அங்கேதான் மனசு கனத்தது.

ஒரு மாணவி அளவெடுக்கும் டேப்போடு ஒரு சுவருக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து செங்கல் வெளியே தெரிந்த இடம். உடைந்த முனையில் நெல் உமி இருந்த தடம் பொடிப்பொடியாகத் தெரிந்தது. "மேடம், மீதிச் செங்கல் எல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டாள். அன்றைக்குக் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான்.

பர்மியப் படை 1767 ஏப்ரலில் நகரை எரித்தது என்பதோடு பாடப்புத்தகம் நிறுத்திவிடும். அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் சொன்னேன். 1782-ல் முதலாம் ராமா அரசர் பாங்காக்கைத் தலைநகராக்கியபோது, மதில் கட்ட இங்கிருந்து செங்கற்களைப் படகுபடகாக ஏற்றிப் போனார்கள். வாட் பிரா சி சன்பெத்தில் 16 மீட்டர் உயர நின்ற புத்தர் சிலையின் பொன் தகட்டைப் பர்மியர்கள் தீ மூட்டி உருக்கி எடுத்தார்கள். சிதைந்துபோன சிலையை முதலாம் ராமா பாங்காக் கொண்டுபோய், வாட் போ கோயிலில் பச்சை ஓடு பதித்த ஒரு சேதிக்குள், அதாவது ஸ்தூபிக்குள், வைத்தார். அந்தப் பச்சைச் சேதிக்கு முன்னால்தான் பிள்ளைகள் முந்தின நாள் சிரித்துக்கொண்டே குரூப் போட்டோ எடுத்திருந்தார்கள். கேட்டதும் எல்லாரும் போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தார்கள். ஒரு ஊர் அழிந்தது என்கிறோம். அதில் பாதி பக்கத்து ஊரின் சுவருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, மல்லிகா. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன சொல்லித்தர வேண்டும்?

வாட் ராட்சபுரானாவை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். அரியணைக்காக அண்ணன் தம்பி இருவர் யானை மேலிருந்து சண்டையிட்டு இரண்டு பேருமே செத்தார்கள். மூன்றாமவர் அரசரானார். அவர்களை எரித்த இடத்தில் அவர் 1424-ல் கட்டிய கோயில் அது. கோபுரத்துக்குள் செங்குத்தான குறுகிய படி இறங்கினால் நிலவறை. புழுக்கத்தில் மூச்சு முட்டுகிறது. சுவரில் மங்கிய சிவப்பில் ஓவியங்கள் மிஞ்சியிருக்கின்றன. அரசர் உள்ளே வைத்த பொன் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்து, 1957-ல் திருடர்கள் கையில் சிக்கியது. ஒரு பகுதியைத்தான் மீட்டார்கள். மீண்டவற்றைச் சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மண்டியிட்ட ஒரு சின்னப் பொன் யானை, உடம்பெல்லாம் கல் பதித்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். அவ்வளவு நுணுக்கமான வேலையை மனிதக் கண் படாத இருட்டில் வைக்கத்தானே செய்திருக்கிறார்கள்!

மத்தியானம் ரொட்டி சாய் மாய் சாப்பிட்டோம். மெல்லிய பச்சை நிற ரொட்டிக்குள் பஞ்சுமிட்டாய் இழைகளை வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். உன் பெண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும்.

திரும்பும் ரயிலில் பிள்ளைகள் தூங்கவில்லை. 2011 வெள்ளத்தில் இந்த இடிபாடுகளெல்லாம் தண்ணீரில் நின்றதே, சாய்ந்த சுவர்களை நிமிர்த்தலாமா, சாய்ந்தபடியே தாங்கிப் பிடிக்க வேண்டுமா என்று ஒரே விவாதம். சாய்வும் அந்தச் சுவரின் வரலாறுதான், அப்படியே தாங்கிப் பிடிப்பதே சரி என்பது என் கட்சி. நீ என்ன நினைக்கிறாய், எழுது.

போவதாக இருந்தால் ஏப்ரலில் மட்டும் வேண்டாம், வெயில் தாங்காது. டிசம்பர், ஜனவரி நல்லது. காலையிலேயே நிலவறைக்குள் இறங்கிவிடு.

அன்புடன்,
சரஸ்வதி