ஏரி மதகும் குடவோலையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிராம சபைக்கு மக்கள் ஏன் வருவதில்லை என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் கேட்டிருந்தீர்கள். வருகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை வரச்சொல்லி உட்காரவைத்துவிடுகிறார்கள். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேர் முதல் 300 பேர் வரை இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி. அந்தக் கணக்கைக் கையெழுத்திலேயே சரிக்கட்டிவிடுகிறார்கள். வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்குத்தான் அங்கே வழியில்லை.

நான் உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு சிற்றூர்க்காரன். போன மே தினக் கூட்டத்தில் எங்கள் ஏரி மதகு விவகாரம் வந்தது. கோடையில் தண்ணீரை வடியவிட்டால்தான் மீன் பிடிக்க முடியும் என்கிறார் மீன் குத்தகை எடுத்தவர். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்கள், தண்ணீர் நின்றால்தான் கிணறு ஊறும் என்கிறார்கள். குத்தகைப் பணம் வராவிட்டால் தெருவிளக்குக்கு எங்கே போவது என்பது மூன்றாவது தரப்பு. பத்து நிமிடம் ஒரே சத்தம். போன தேர்தலில் யார் யாருக்கு வேலை செய்தார்கள் என்பது வரை பேச்சு போனது. மைக்கை அணைத்துவிட்டார்கள். பிறகு தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதியிருந்தது. எது நிறைவேறியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும் வழியில், ஆடு வளர்க்கும் ஒரு அம்மா கூட நடந்து வந்தார். "மதகத் தொறந்த எட்டாம் நாளு எங்க தெரு அடிபம்பு காத்துதான் இழுக்குது" என்றார். கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "அந்தச் சத்தத்துல எங்க சொல்றது?" என்றார். குத்தகைக்காரர் வட்டிக்கு வாங்கித்தான் ஏலத்தொகை கட்டினார் என்பதும் எனக்கு டீக்கடையில்தான் தெரிந்தது. முடிவெடுக்கத் தேவையான இரண்டு விஷயமும் கூட்டத்துக்கு வெளியேதான் கிடைத்தன.

அயர்லாந்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஏரித் தண்ணீரைவிடப் பெரிய சண்டை அவர்களுடையது; கருக்கலைப்பு பற்றியது. கருவுக்கும் தாய்க்கும் சம உயிர் உரிமை என்று 1983இல் அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். 2012இல் கால்வே மருத்துவமனையில் கருச்சிதைவின்போது இறந்த சவிதா ஹலப்பனாவர் நம் கர்நாடகத்துப் பெண் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கட்சிகள் தொடப் பயந்த அந்த விஷயத்தை 2016இல் 99 பொதுமக்கள் கொண்ட ஒரு மக்கள் அவையிடம் ஒப்படைத்தார்கள். வயது, பாலினம், ஊர், தொழில்நிலை எல்லாம் நாட்டைப் போலவே கலந்திருக்கும்படி பொறுக்கிய சாதாரண ஆட்கள். தலைமைக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய். டப்ளினுக்குப் பக்கத்தில் மாலஹைட் என்ற கடலோர ஊரின் ஓட்டலில், இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் ஐந்து வார இறுதிகள் கூடினார்கள். மேசைக்கு ஏழெட்டுப் பேர். எல்லோரையும் பேசவைக்க ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். மருத்துவர், வழக்கறிஞர், இரு தரப்பு அமைப்புகள், நேரில் அனுபவித்த பெண்கள் என எல்லோரையும் கேட்டார்கள்.

காரணம் கேட்காமலே கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று அவையில் 64 விழுக்காட்டினர் சொன்னார்கள். மக்கள் இதற்கு ஒப்பவே மாட்டார்கள் என்று அரசியல்வாதிகள் பலர் நினைத்தார்கள். 2018 மே 25 பொது வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அந்தப் பழைய பிரிவை நீக்க ஒப்புக்கொண்டார்கள். எது சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எதிரெதிர் ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுந்த விதம்தான் எனக்கு முக்கியம்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. ஆள் திரட்டிய நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தெரிந்தவர்கள் வழியாக ஏழு பேரைச் சேர்த்தது 2018இல் வெளியே வந்தது. பிறகு கூடிய இன்னொரு மக்கள் அவை குடும்பம், பராமரிப்பு பற்றிச் சொன்ன யோசனையை அரசு வேறு சொற்களில் மாற்றி வாக்கெடுப்புக்கு விட்டது; 2024 மார்ச்சில் இரண்டும் படுதோல்வி.

ஆள் பொறுக்குவதில் நடக்கும் தில்லுமுல்லு பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உத்திரமேரூர் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. முப்பது குடும்புகளிலிருந்தும் (இன்றைய வார்டு மாதிரி) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடித்து, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்ல வேண்டும். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை வைத்துக்கொள்வான் என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது! அப்படி எடுத்த பெயர்களில் ஆறு பேர் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை. ஆனால் நிலம் இல்லாதவருக்கும் பெண்களுக்கும் வேதம் படிக்காதவருக்கும் அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது. பெருமை பேசும்போது இதை நாம் விட்டுவிடுகிறோம்.

என் யோசனை இதுதான். வாக்காளர் பட்டியலிலிருந்து, காலனி உட்பட எல்லாத் தெருவும் வரும்படி, ஆணும் பெண்ணும் சரிபாதியாக முப்பது பேரைக் குலுக்கலில் எடுக்கலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்காரட்டும். குத்தகைக்காரரையும் விவசாயிகளையும் நீர்வளத் துறைப் பொறியாளரையும் அழைத்துக் கேட்கட்டும். ஏழெட்டுப் பேராகப் பிரிந்து பேசினால் அடிபம்பு அம்மாவும் வாய் திறப்பார். மேல் தெருக்காரர் முன் தரையில் உட்காரவே தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிற ஊர் இது, அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி வேண்டும். அயர்லாந்தில் வந்தவர்களுக்குச் செலவு மட்டும்தான் கொடுத்தார்கள், சம்பளம் கிடையாது. இங்கே ஒரு நாள் கூலியாவது கொடுக்காவிட்டால், வேலையில்லாத பெரிய மனிதர்கள்தான் வருவார்கள். இறுதி முடிவு கிராம சபையுடையதே. முப்பது பேர் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும்.

மீன் குத்தகை மறு ஏலத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. எங்கள் தலைவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். கூலிப் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று செயலரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.