பூட்டிய வீட்டில் நிற்கும் பைக்கும் பேட்டரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோன்பு, படைப்பு, கல்யாணம் என்று செட்டிநாட்டுக்கு வந்துபோகிறவர்கள் பலர், ஊரில் ஓட்டுவதற்கென்றே ஒரு பைக்கை வீட்டில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை எங்கும் இதைப் பார்க்கலாம். மூன்று மாதம் கழித்து வந்து ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. கம்பெனியைத் திட்டிவிட்டுப் புதுப் பேட்டரி வாங்குகிறார்கள். அந்தப் பேட்டரிகளில் பெரும்பாலானவை தயாரிப்புக் குறையால் கெட்டவை அல்ல. காலியாகவே கிடந்து கெட்டவை.

சாவியை எடுத்த பிறகும் மீட்டர் கடிகாரம், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி), அலாரம் எல்லாம் சொற்ப மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெறும் 4 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 96 மில்லி ஆம்பியர் ஹவர் போகிறது. 5 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரியில் பாதி 26 நாளில் தீர்ந்துவிடும். ஜிபிஎஸ் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். பேட்டரி தானாகவும் இறங்கும். சூடு 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் சித்திரை, வைகாசி வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கிய பேட்டரியின் தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளாக ஆகக் கெட்டிப்பட்டுப் படிகமாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுதாகக் கரையாது.

பழைய கார்புரேட்டர் வண்டியை உதைத்தாவது கிளப்பலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகள் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். பம்புக்கும் ஈசியூவுக்கும் பேட்டரி வேண்டும். பலவற்றில் கிக்கரே இல்லை.

வீடு பார்த்துக்கொள்பவரிடம் "வாரம் ஒருதரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று சொல்லிப் போவதில் பயனில்லை. 2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் என்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஹெட்லைட் எரியும். நின்ற இடத்தில் முறுக்காமல் ஓடும் ஐடிலிங்கில் சார்ஜ் ஏறுவது குறைவு, ஸ்டார்ட்டர் தின்ற மின்சாரமே திரும்பக் கிடைக்காது. வாராவாரம் இப்படிச் செய்தால் பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும்.

இதற்குச் சரியான வழி, செருகியபடியே இருந்து பேட்டரியை நிறைவாக வைத்திருக்கும் மெயின்டனன்ஸ் சார்ஜர். கடைகளில் ட்ரிக்கிள் சார்ஜர், ஸ்மார்ட் சார்ஜர் என்றும் கேட்கலாம். ஆனால் பெயரை நம்பி வாங்கக் கூடாது. முதலில் பேட்டரியின் ஏஎச் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றி, 14.4 வோல்ட் அளவில் நிரப்பி, பிறகு தானாக 13.2 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இறங்கி நிற்க வேண்டும். 5 முதல் 9 ஏஎச் பேட்டரிக்கு 0.5 அல்லது 1 ஆம்பியர் சார்ஜர் போதும். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரோ, வோல்டேஜ் கட்டுப்பாடில்லாத மலிவு அடாப்டரோ மாதக்கணக்கில் செருகியே கிடந்தால் அமிலத்தில் உள்ள தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றிவிடும். மூடிய மெயின்டனன்ஸ்-ஃப்ரீ பேட்டரியில் அதை ஊற்றி ஈடுகட்டவும் முடியாது. மின்வேதியியல் ஆய்வுக்கென 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி இருக்கும் காரைக்குடியிலேயே சார்ஜரை விலையை மட்டும் பார்த்து வாங்குவது வருத்தமாக இருக்கிறது.

நம் ஊருக்கு இன்னும் இரண்டு தகுதிகள் பார்க்க வேண்டும். ஒன்று, சூட்டுக்கேற்ப வோல்டேஜைக் குறைக்கும் வசதி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.02 வோல்ட் குறைய வேண்டும். மற்றது, கரண்ட் போய் வந்தால் தானாக மறுபடி தொடங்குவது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாளில் நின்றுபோய், யாராவது பட்டனை அழுத்தும்வரை சும்மா கிடக்கும் சார்ஜரால் பூட்டிய வீட்டில் என்ன பயன்? லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்ற சார்ஜர்தான். ஈயப் பேட்டரிக்கான சல்பேட் நீக்கும் மோடு லித்தியத்துக்கு ஆகாது.

வளையக் கண்ணி கொண்ட வயரை பேட்டரி முனைகளில் நிரந்தரமாக முடுக்கி, பிளக்கை சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே எட்டும்படி விடுங்கள். பிளஸ் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும், 7.5 ஆம்பியர் போதும். அது இல்லாமல் வயர் ஃபிரேமில் உரசித் தேய்ந்தால் தீப்பிடிக்கும். முடுக்கும்போது கழற்றுவது மைனஸ் முதலில், மாட்டுவது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. வண்டியில் இணைத்த பிறகே சுவர் சுவிட்சைப் போடவும். எடுக்கும்போது சுவிட்சை முதலில் அணைக்கவும்.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியானால், தகடு மூழ்கும் அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சார்ஜ் ஏற்றி, அதன்பிறகு மேல்கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விட வேண்டும். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) பிடித்த மழைத்தண்ணீர் குடிக்க நல்லதுதான். ஓட்டுத் தூசியும் பித்தளை அண்டாவின் உலோகமும் கலந்திருப்பதால் பேட்டரிக்கு வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில்லாத அறையிலும், விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்திலும் வண்டியை நிறுத்தக் கூடாது.

வீட்டு மெயினை அணைத்துவிட்டுப் போவதே வழக்கம் என்பது புரிகிறது. சார்ஜருக்கு மட்டும் தனி எம்சிபியும் (மின்சாரம் மிஞ்சினால் அணையும் சுவிட்ச்) இஎல்சிபியும் (கசிந்தால் அணையும் சுவிட்ச்) வைத்து ஒரு லைன் விடச் சொல்லலாம். சார்ஜர் 5 வாட் இழுத்தாலும் மாதம் 3.6 யூனிட்தான். அதுவும் ஒத்துவராது என்றால், முழுதாகச் சார்ஜ் ஏற்றி மைனஸைக் கழற்றிவைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது மறுபடி ஏற்றட்டும்.

சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. மறுநாள் 12.4-க்குக் கீழே வந்திருந்தாலோ, செல்ஃப் அழுத்தும்போது 9.6-க்குக் கீழே போனாலோ பேட்டரி முடிந்தது. என்ஜினை முறுக்கும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அதை மாற்றாமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் போகும்.

பேட்டரிக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பேட்டரி மாட்டும்போதே ஃபியூஸ் வைத்த அந்த வயரையும் சேர்த்து முடுக்கிக் கொடுங்கள். சீட்டைக் கழற்றியிருக்கும் நேரத்தில் பத்து நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
டூவீலர் எலெக்ட்ரீசியன்கள் சிலர்,
காரைக்குடி.