கதை விளையாட்டு நூல்கள் நம் மண்ணிலிருந்தும் வரவேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரத்தின் செய்கை பலிக்குமா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் விளையாட்டில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலரும் ஈடுபாடு கொண்டிருக்கிறோம். இவ்விளையாட்டுக்கு இனி வரும் நூல்கள் எவ்வாறு அமையவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதை, குறிப்பாகத் தமிழ்ப் பதிப்பாளர்களின் கவனத்துக்கு, தங்கள் பத்திரிகை வாயிலாகக் கொண்டுவர விரும்புகிறேன்.

1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதலாவதாக விற்பனைக்கு வந்தது. அதன் விதிநூல்கள் பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானிய, ஜப்பானிய மொழிகளிலும் வெளிவந்திருக்க, நாங்களோ ஆங்கில நூலை வைத்துக்கொண்டு தமிழில் கதை நடத்துகிறோம். 2024 இல் வந்த புதிய பதிப்பில், ஆடுபவருக்கான நூலின் விலை மட்டும் 49.99 டொலர், கதை நடத்துபவருக்கு மேலும் இரண்டு நூல்கள் தேவைப்படுகின்றன. ஒரு மாணவரால் இது இயலாது. ஆங்கிலத்தில் பழக்கமில்லாதவர் மேசைக்கு வந்தாலோ, விதியைத் தானே படித்தறிய வழியின்றி, ஒவ்வொரு முறையும் அடுத்தவரைக் கேட்டே ஆடவேண்டியிருக்கிறது.

இந்நிலையை மாற்றுவதற்குச் சட்டத் தடை இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 2023 சனவரியில், அவ்விளையாட்டின் உரிமையாளரான ‘விஸார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்’ நிறுவனம் அடிப்படை விதிகளைத் தொகுத்த ஆவணத்தைக் ‘கிரியேட்டிவ் கொமன்ஸ்’ உரிமத்தின் கீழ் வெளியிட்டது. நிறுவனத்தின் சொந்தக் கதையுலகங்களும் சில பூதங்களும் அதில் அடங்கா. ஆனால் அந்த ஆவணத்தில் உள்ளவற்றை, மூலத்தை முறையாகக் குறிப்பிட்டு, எவரும் மொழிபெயர்க்கலாம், மாற்றியமைக்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம்.

விதிகளை மொழிபெயர்ப்பது முதற்படி மட்டுமே. எங்களுக்குப் பெரிதும் தேவைப்படுவன ஆடத்தக்க கதைகள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை சென்றது. அப்பயணத்தைத் தழுவி ஒரு கதை அமைந்தால், காற்று திரும்பும்போது பாயை இறக்குவதா விடுவதா, குறைந்துவரும் குடிநீரை எவ்வாறு பங்கிடுவது, கப்பல் தலைவரான தண்டையலின் முடிவோடு ஒத்துப்போவதா மறுப்பதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆடுபவர்களே தீர்மானிக்க வேண்டியிருக்கும். பகடைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களும், மேய்ந்து திரியும் குதிரைகளும், அடிகாண முடியாதது என்று ஊரார் சொல்லும் நிலாவரைக் கிணறும் கதையாசிரியர் ஒருவருக்காகக் காத்துக்கிடக்கின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்விளையாட்டு நூல்களில் எதிரிகளாக வருவனவற்றுக்கெல்லாம் உயிர்ப்புள்ளிகள் குறிக்கப்பட்டிருக்கும். அவை தீர்ந்தால் எதிரி மடியும். முனி, கொத்தி என்னும் பேய்களைக் கதையில் கொண்டுவருவதில் எனக்கு மறுப்பில்லை. பாட்டிமாரிடம் கேட்ட கதைகள் அவை. ஆனால் வைரவரும் அண்ணமாரும் இன்றைக்கும் விளக்கேற்றிப் பொங்கலிட்டு வழிபடப்படும் தெய்வங்கள். அவர்களைப் புள்ளியிட்டு வெட்டி வீழ்த்தும் உருக்களாக எந்த நூலும் அச்சிடக்கூடாது. நேர்த்தி வைக்கவும், வழி கேட்கவும், சினத்தைத் தணிக்கவும் கதையில் அவர்களுக்கு இடம் இருக்கட்டும். அவ்வாறே நாம் கடந்துவந்த போரையும் இப்போதைக்கு இந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டாமென்பது என் கருத்து. அருகில் அமர்ந்து ஆடுபவரின் வீட்டில் யார் திரும்பி வரவில்லை என்பது நமக்குத் தெரியாமலிருக்கலாம்.

நூலின் அமைப்பைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். கதை நடத்துபவர் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரைப் போல எல்லோரையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டிருப்பவர். அவருக்கு நடுக்கதையில் பக்கம் புரட்ட நேரமிராது. ஆகவே ஓரிடத்தின் வரைபடம், அங்குள்ளோர், அவர்கள் விரும்புவது ஆகிய மூன்றும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒருங்கே அமைய வேண்டும். ஒரு மாலையில் ஆடி முடிக்கத்தக்க குறுங்கதைகளே முதலில் வேண்டும், ஏனெனில் மாதக்கணக்கில் நீளும் கதையைத் தொடங்கினால் பரீட்சைக் காலத்தில் குழு கலைந்துவிடுகிறது. நூலின் இறுதியில் சொல்லடைவு கட்டாயம்.

பளபளக்கும் தாளும் வண்ணப்படங்களும் முதற்பதிப்புக்குத் தேவையில்லை. சுருக்கமான விதிகளும் மூன்று குறுங்கதைகளும் கொண்ட சிறுநூலைக் கறுப்பு வெள்ளையில், மாணவர் வாங்கக்கூடிய விலையில் வெளியிட எந்தப் பதிப்பகமாவது முன்வருமானால், அச்சுக்குப் போகுமுன் அக்கதைகளை ஆடிப்பார்த்துக் குறைநிறைகளை எழுதித் தர எங்கள் குழு ஆயத்தமாக இருக்கிறது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.