கேரவன் வாங்குவோர் கூரை மேல் ஏறிப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் கேரவன் டிரெய்லர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, எந்த விலைக்கு என்னென்ன வசதிகள் கிடைக்கும் என்பதை விரிவாகச் சொன்னது. ஆனால் அந்த வண்டிகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அப்படியொரு வண்டியை வாங்கி அவதிப்பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது மலிவான வண்டி அல்ல. பளிங்கு போன்ற சமையல் மேடையையும் அகலமான மெத்தையையும் பார்த்து, விலை கூடுதலாக இருந்தால் உழைப்பும் கூடுதலாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்கினேன். இரண்டாவது மழைக்காலத்தில் கட்டிலுக்குப் பின்புறச் சுவர் லேசாக உப்பியது. விரலால் அழுத்தினால் அமுங்கியது. வெளியே மூலையோரம் பொருத்தியிருந்த அலுமினியப் பட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்த மரச்சட்டம் நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. பட்டைக்கு அடியில் தொடர்ச்சியாக ஒட்டியிருக்க வேண்டிய, நீர் புகாமல் தடுக்கும் பியூட்டைல் டேப் என்ற பசைநாடா ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டப்படவே இல்லை. விற்றவரோ, நீர்க்கசிவு பராமரிப்பில் சேருமே தவிர உத்தரவாதத்தில் சேராது என்று கையை விரித்துவிட்டார்.

கேரவன் என்பது ஓயாமல் குலுங்கிக்கொண்டே இருக்கும் வீடு. ஒவ்வொரு குலுக்கலிலும் கூரையும் சுவரும் சேரும் இடம், ஜன்னல் விளிம்பு, கூரையில் வெட்டிய காற்றுத்துளை ஆகியவை சிறிது சிறிதாக நெகிழ்ந்து தண்ணீருக்கு வழிவிடுகின்றன. மெல்லிய ஃபைபர் கிளாஸ் தகட்டைப் பிளைவுட்டிலும் தெர்மாகோலிலும் பசையால் ஒட்டிச் செய்யும் சுவரில் நீர் புகுந்தால், பசை விட்டுப் பரப்பு கொப்புளமாக எழும்பும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சில வேளைகளில் வண்டியின் மதிப்பையே தொட்டுவிடும். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டே அச்சு வார்ப்புகளை இணைத்துச் செய்யும் ஃபைபர் கிளாஸ் வண்டிகளில் இணைப்புகள் குறைவு என்பதால் கசிவும் குறைவு. ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க நிறுவனம் 1936இல் கொண்டுவந்த கிளிப்பர் என்ற கேரவனின் காலத்திலிருந்தே தொடரும், ரிவிட் அடித்த அலுமினியக் கூடு நீண்ட நாள் உழைக்கும் என்ற பெயர் பெற்றது. அதில்கூடத் தரைப்பலகையின் ஓரம் அழுகுவது உண்டு.

விலைக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலை உயர்ந்த வண்டியிலும் குறைந்த வண்டியிலும் அடுப்பு, குளிர்பெட்டி, சக்கர அச்சு ஆகியவை பெரும்பாலும் அதே சில தயாரிப்பாளர்களிடமிருந்து வருவதால், கூடுதலாக நாம் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று கேட்டாக வேண்டும். அது திரைச்சீலைக்கும் அலமாரிக் கதவுக்கும் போயிருந்தால் நமக்கு என்ன பயன்? கட்டில் பலகையைத் தூக்கி, ஒயர்களும் குழாய்களும் கட்டப்பட்டிருக்கும் ஒழுங்கைப் பார்த்தாலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்தத் தொழிற்சாலை எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிடும். பழைய வண்டியென்றால் ஈரமானியை மூலைகளில் குத்திப் பார்ப்பது நல்லது.

எடையும் கவனிக்க வேண்டியதே. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் மிஞ்சுவதே நாம் ஏற்றக்கூடிய சுமை. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே அதில் 100 கிலோ போய்விடும். இந்த மிச்சம் சொற்பமாக இருக்கும் வண்டியில் அச்சும் டயரும் எப்போதும் வரம்பின் விளிம்பிலேயே ஓடும்.

எனவே, இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே கூரையும் தரையும் எதனால் ஆனவை, ஏற்றக்கூடிய சுமை எவ்வளவு, நீர்க்கசிவுக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு ஆகிய விவரங்களையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்