அம்மாவின் விரலைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கஞ்சி குடிக்கிறாள். சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். நேற்று நான் அரைத்த மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு "உளுந்து பத்தாது" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாராவியில் அவள் கையால் இட்லி சாப்பிட்டவர்கள் எல்லோரும் தினமும் விசாரிக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல்.

மூன்று நாள் காய்ச்சல். நீர்க்கடுப்பு இருந்ததை வெளியே சொல்லாமல் வைத்திருந்தாள். சர்க்கரை உடம்பு வேறு. ஒரு கிளினிக்கில் வைரல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். நாலாம் நாள் விடிகாலையில் எழுப்பினால், என்னை ஊரில் இருக்கும் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கை சில்லென்று இருந்தது, மூச்சு வாங்கியது. எதிர்வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர். கையைத் தொட்டதும், "இது வெறும் காய்ச்சல் இல்லம்மா, இப்பவே கிளம்பு" என்றார். அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான். எங்கள் சந்துக்குள் வண்டி வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து 90 அடி ரோடு வரை தூக்கி வந்த நாலு தம்பிகளே, காசு வாங்க மறுத்த டாக்சிக்கார பையா, உங்களுக்கும் நன்றி.

அது செப்சிஸ். கிருமியை எதிர்த்துப் போராட வேண்டிய உடம்பே நிலை தடுமாறித் தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் நிலை. அம்மாவுக்கு அது ஷாக் வரை, அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை வரை, போய்விட்டது. பி.பி. இறங்கிக்கொண்டே இருந்தது. எந்தக் கிருமி என்று பார்க்கக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்கள், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், சலைன் போட்டார்கள், அப்புறம் பி.பி.யைத் தூக்கி நிறுத்த நார்அட்ரினலின் என்ற மருந்து.

ஐ.சி.யூ.வில் படுக்கை கிடைக்கும் வரை கேஷுவாலிட்டியில் நான் பக்கத்திலேயே நின்றேன். அரை மணிக்கு ஒரு தடவை அந்த இளம் டாக்டர் வருவார். அம்மாவின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து வெளுக்கும் வரை அழுத்துவார். பத்து விநாடி பிடிப்பார். விட்டதும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார். ஆவியில் வெந்த இட்லியை எடுத்து எடுத்துக் காய்ப்புப் பிடித்த விரல் அது. முதல் தடவை சிவப்பு திரும்ப ஆறு விநாடி ஆனது. மூன்றுக்குள் வர வேண்டுமாம். அடுத்த தடவையும் ஆறு. பிறகு ஐந்து, நான்கு. வெளியே நன்றாக விடிந்த பிறகு ஒரு தடவை, அவர் "தோன்" என்று மராத்தியில் சொல்லி இரண்டு விரலைக் காட்டினார். அந்த இரண்டு விரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

டாக்டர், உங்கள் பெயரை எழுத வேண்டாம் என்றீர்கள், சரி. ஆனால் இது எங்கே கற்றது என்று நான் கேட்டபோது, "சிலி நாட்டுக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது" என்றீர்களே, அதை எழுதாமல் இருக்க முடியாது. நர்சிங் படிக்கும் என் மகள் அந்த ஆய்வைத் தேடி எடுத்து எனக்கு வரி வரியாகச் சொன்னாள்.

சிலியின் தலைநகர் சாண்டியாகோவின் டாக்டர் கிளென் ஹெர்னாண்டஸ் தலைமையில், லத்தீன் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில், 28 ஐ.சி.யூ.க்களில், செப்டிக் ஷாக் வந்த 424 பேரிடம் செய்த ஆய்வு. 2019இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. பாதிப் பேருக்கு ரத்தத்தில் லாக்டேட் (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ஏறும் ஒரு பொருள்) அளவைப் பார்த்துச் சிகிச்சை, மீதிப் பேருக்கு இந்த விரலைப் பார்த்து. ரத்த ஓட்டம் குறைந்தால் உடம்பு இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற முதலில் தோலுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்குமாம். ஓட்டம் சீரானால் விரல் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். லாக்டேட் இறங்கத் தாமதமாகலாம். அதைத் துரத்திக்கொண்டு போனால் தேவைக்கு மேல் சலைன் ஏறி நுரையீரலில் நீர் கோக்கும். முதல் எட்டு மணி நேரத்தில் விரல் பார்த்தவர்களுக்கு ஏறத்தாழ 400 மில்லி குறைவாகவே சலைன் போனது.

28 நாளில் லாக்டேட் பக்கம் 212 பேரில் 92 பேர் இறந்தார்கள், விரல் பக்கம் 212 பேரில் 74 பேர். புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசத்தை உறுதி என்று சொல்ல முடியாது, அவர்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். சாதகமாக வந்த எண்ணைத் தூக்கிப் பிடிக்காத அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது. 2021இல் உலகம் முழுக்கப் பார்க்கும் செப்சிஸ் வழிகாட்டுதலில் இந்தச் சோதனையும் சேர்ந்தது.

2017இல் மட்டும் உலகில் 1 கோடியே 10 லட்சம் பேர் செப்சிஸோடு இறந்ததாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற ஏழை எளிய நாடுகளில் இருந்தவர்கள். மெஷின் இல்லாத இடத்திலும், கூட்டம் நெரியும் வார்டிலும், ராத்திரி மூன்று மணிக்கும் ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு கடிகாரமும் இருந்தால் செய்யக்கூடிய இந்தச் சோதனையை முறையாக ஆராய்ந்து காட்டிய ஹெர்னாண்டஸ் ஐயாவுக்கும், அந்த 424 பேருக்கும், அவர்கள் குடும்பங்களுக்கும் தாராவியிலிருந்து என் கைகூப்பிய நன்றி. அங்கே யாரோ ஒரு அம்மாவின் விரலைப் பிடித்துக் கற்றது, இங்கே என் அம்மாவுக்கு உதவியது.

ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, தலை வாரி, "ஆயீ" என்று கூப்பிட்ட சிஸ்டர்களுக்கு நன்றி. முறை வராமலே சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்த அக்காமார்களுக்கு நன்றி. ரசம் கொண்டுவந்த மாமிக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போன அண்ணனுக்கு, பழைய பாக்கியைத் தேடி வந்து கொடுத்த வாடிக்கைக்காரர்களுக்கு நன்றி.

வரும் திங்கள் முதல் காலை ஆறு மணிக்கு இட்லி உண்டு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள், நான் ஊற்றுவேன். முதல் ஈடு எதிர்வீட்டு அக்காவுக்கு.

அன்புடன்,
இட்லிக்கார அம்மாவின் மகள்
தாராவி, மும்பை