பைக்குக்கு பெட்லைனர்: பிரஷ் போதும், கன் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தூத்துக்குடியில் இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். பிக்கப் வண்டிகளின் பின்தொட்டியில் அடிக்கிற பெட்லைனர் பூச்சை பைக் பாகங்களுக்கும் அடித்துத் தரச் சொல்லி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். புல்லட்டின் கிராஷ் கார்டுக்கு, ஹிமாலயனில் மாட்டுகிற பெட்டிக்கு, டிவிஎஸ் எக்ஸ்எல் மட்கார்டுக்குக்கூட. நல்ல பூச்சுதான், சரியான இடத்தில் போட்டால் நன்றாக உழைக்கும். ஆனால் அதை ஸ்ப்ரே கன்னில் ஊற்றி, முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தகரக் கொட்டகைக்குள் நின்று பையன்கள் அடிப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பைக் பாகத்துக்கு அந்த கன்னே தேவையில்லை, பிரஷ் போதும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வண்டி துருப்பிடிக்கிற வேகம் உள்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம், காற்றிலேயே உப்பு இருக்கிறது. அதிலும் மீன் வியாபாரிகளின் எக்ஸ்எல் வண்டிகளைப் பார்க்க வேண்டும். மீன்பிடித் துறைமுகத்திலோ தருவைகுளத்திலோ விடியற்காலையில் ஐஸ் போட்டுப் பெட்டியைக் கட்டிக் கிளம்பினால், ஊர் ஊராகப் போய் விற்றுத் திரும்புகிற வரைக்கும் ஐஸ் உருகி மீன் தண்ணியோடு கலந்து கேரியர், பின் மட்கார்டு, பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு என்று எல்லாவற்றின் மேலும் சொட்டிக்கொண்டே இருக்கும். கம்பெனி பெயின்டில் ஒரு கல் பட்டுத் தெறித்தால் போதும், அந்தப் புள்ளியிலிருந்து பெயின்டுக்கு அடியிலேயே துரு ஓட ஆரம்பித்துவிடும். பவுடர் கோட்டிங் 180, 200 டிகிரி சூட்டில் வைத்து எடுப்பதால் நல்ல கடினமாக இருக்கும், ஆனால் ஓரிடத்தில் உடைந்தால் அதற்கும் அதே கதிதான். பழைய ஆட்கள் கழிவு இன்ஜின் ஆயிலைத் தடவி விடுவார்கள். அது மண்ணைச் சேர்க்கும், டயரில் பட்டால் வழுக்கும், முதல் மழைக்கே கழுவிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடும்.

பெட்லைனர் உதவுவது இங்கேதான். இது பாலியூரித்தேன் அல்லது பாலியூரியா வகைப் பூச்சு. சாதாரண வண்டி பெயின்ட் மொத்தமாகவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும், இது அதைப்போலப் பல மடங்கு. காய்ந்த பிறகும் கொஞ்சம் ரப்பர் தன்மை இருப்பதால் கல் பட்டாலும் லேசில் தெறிக்காது. அமெரிக்காவில் லைன்-எக்ஸ், ரைனோ லைனிங்ஸ் போன்றவற்றின் கடைகளில் இதைச் சூடாக்கி, இரண்டு ரசாயனங்களும் கன்னின் வாயில் கலக்கும்படி பெரிய அழுத்தத்தில் அடிப்பார்கள், நொடிகளில் இறுகிவிடும். இங்கே கிடைப்பது ராப்டர் என்கிற பிராண்டு மாதிரி, பாட்டிலில் இருக்கும் பூச்சு மூன்று பங்குக்கு, அதை இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு பங்கு ஊற்றிக் குலுக்கிப் பயன்படுத்துகிற வகை.

சரி, இதை அடித்துவிட்டால் துரு நின்றுவிடுமா என்றால், நிற்காது. துருவின் மேல் அடித்தால் துரு உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். உப்பின் மேல் அடித்தால் இன்னும் மோசம், அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்பளம் கொப்பளமாகத் தூக்கிவிடும். மேலே பார்த்தால் கறுப்பாக, புதுசாக, அழகாக இருக்கும், விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகும். அதனால் பாகத்தைக் கழற்றி, சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டு உப்புப் போகக் கழுவி, காயவைத்து, தின்னரால் கிரீஸைத் துடைத்து, வயர் பிரஷும் உப்புத்தாளும் போட்டு வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். அப்புறம் எபாக்சி பிரைமர். துருவைத் தடுக்கிற வேலையைச் செய்வது அந்த பிரைமர்தான், லைனர் அதற்குக் கவசம். பிரைமர் காய்ந்ததும் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பு உண்டாக்கிய பிறகே லைனர் போட வேண்டும். பாகத்தில் ஈரம் இருக்கவே கூடாது. ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் என்கிற ரசாயனம் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகி, பூச்சு நுரைத்து ஓட்டை ஓட்டையாக நிற்கும். மழை விட்ட கையோடு, பனி இறங்குகிற நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாளே மாட்டி லோடு ஏற்றவும் வேண்டாம், முழுசாக இறுகச் சில நாட்கள் பிடிக்கும்.

போட வேண்டியது கழற்றி மாட்டக்கூடிய, சூடு ஏறாத பாகங்களில் மட்டும்: மட்கார்டின் அடிப்பக்கம், சென்டர் ஸ்டாண்டு, கேரியர், பேட்டரி பெட்டி, செயின் கவர், கிராஷ் கார்டு. சாரி கார்டின் வெளிப்பக்கம் சேலையும் தாவணியும் உரசுகிற இடம், அங்கே இந்தச் சொரசொரப்பு துணியைப் பிடித்து இழுக்கும், தயவுசெய்து அங்கே வேண்டாம். இன்ஜின் விசிறித் தகடுகளில் போடக் கூடாது, காற்றால் ஆறுகிற இன்ஜினுக்குப் போர்வை போர்த்தின கதைதான். சைலன்சரில் போட்டால் கருகிப் புகையும். போல்ட் ஏறுகிற மரைகளை ஒட்டும் டேப் போட்டு மூடாமல் அடித்துவிட்டுப் பிறகு மரை வெட்டுகிற டேப் செட்டைத் தேடி அலைகிறவர்களும் உண்டு.

சேசிஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது முழு சேசிஸையும் இதில் குளிப்பாட்டச் சொல்கிறார்கள். என்னிடம் வந்தால் முடியாது என்றுதான் சொல்வேன். லோடு அடிக்கிற வண்டியில் ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியிலும், ஸ்விங் ஆர்ம் சேரும் இடத்திலும் வெல்டிங் ஓரமாக முடி போல விரிசல் விடும். மெல்லிய பெயின்டாக இருந்தால் அந்த இடத்தில் துருக் கோடு ஒன்று தெரியும், மெக்கானிக் கண்ணில் படும். தடிமனான ரப்பர் பூச்சுக்கு அடியில் அது தெரியவே தெரியாது, கழுத்து உடைகிற அன்றைக்குத்தான் தெரியும். குழாய்களில் தண்ணீர் வடிவதற்கென்று சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள், அவற்றை இந்தப் பூச்சு அடைத்துவிட்டால் சேசிஸ் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். பேட்டரி எர்த் பிடிக்கிற இடத்தில் பட்டால் கரண்ட் கோளாறு வரும். சேசிஸ் நம்பர் மூடிப்போனால், 15 வருஷம் முடிந்து ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாமல் நிற்க வேண்டியதுதான். சுரண்டி எடுக்கலாம் என்றால் அதுவும் சுலபமில்லை, காய்ந்த பெட்லைனர் தின்னருக்கு அசையாது, கிரைண்டர் போட்டால் நம்பரும் சேர்ந்து போய்விடும்.

இதெல்லாம் வண்டிக்கு வருகிற சேதம். எனக்குப் பெரிய கவலை மனிதனுக்கு வருகிற சேதம்தான். இந்த ஐசோசயனேட் கன்னில் அடிக்கும்போது மெல்லிய பனிபோலக் காற்றில் நிற்கும், மூச்சில் போய் ஆஸ்துமாவை உண்டாக்கும். வாசனையை வைத்து ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாது, மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே கெடுதல் செய்கிற அளவு உள்ளே போயிருக்கும். ஒருமுறை உடம்பு இதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் அப்புறம் துளியளவு பட்டாலும் மூச்சு முட்டும், அந்தப் பையன் அதன் பிறகு பெயின்ட் தொழிலையே விட வேண்டியதுதான். சில பேருக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரியில்தான் இருமலும் இழுப்பும் வரும், தூசி, சளி என்று நினைத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். தோலில் பட்டாலும் ஒவ்வாமை வரும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2003-ல் ஒரு வேனுக்குள் பெட்லைனர் அடித்துக்கொண்டிருந்த 45 வயதுத் தொழிலாளி ஆஸ்துமா தாக்கி இறந்தார். அந்த நாட்டு அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2006-ல் இந்த வேலைக்கென்றே தனி எச்சரிக்கை வெளியிட்டது. அடிக்கிறவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வருகிற முகக்கவசம் வேண்டும் என்பதுதான் இந்த வேலைக்குச் சொல்லப்படுகிற பாதுகாப்பு. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் தூசியையே முழுசாகத் தடுக்காது, இதை எங்கே தடுக்கப் போகிறது?

அதனால்தான் பிரஷ் என்கிறேன். பிக்கப் தொட்டி பெரிய பரப்பு, அதற்கு கன் வேண்டும், அதற்கான அறையும் கவசமும் உள்ள இடத்தில் அதைச் செய்யட்டும். ஒரு மட்கார்டின் அடிப்பக்கத்துக்கும் ஸ்டாண்டுக்கும் எதற்கு கன்? இந்தப் பூச்சை பிரஷிலும் ரோலரிலும் போடலாம், காற்றில் பனி பறப்பது பெரிதும் குறைந்துவிடும். மேற்பரப்பு கன்னில் அடித்த மாதிரி சீராக வராது, சரி, மட்கார்டுக்கு அடியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அப்போதும் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி எல்லாம் வேண்டும், ஆஸ்துமா இருக்கிறவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. இன்னொன்று, லைனர் போட்ட ஸ்டாண்டு உடைந்து வெல்டிங்குக்கு வந்தால் சுற்றிலும் பூச்சை எடுத்துவிட்டுத்தான் தீ வைக்க வேண்டும். பாலியூரித்தேன் எரிந்தால் ஐசோசயனேட்டோடு சயனைடு வாயுவும் வரும். வெல்டர் அண்ணன்கள் பலருக்கு இதை யாரும் சொன்னதில்லை.

டப்பாக்களில் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அடிக்கிற பையன் அதைப் படிக்கப் போவதில்லை. விற்கிற கடைக்காரர்கள் தமிழில் ஒரு தாளாவது சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஐடிஐயில் பெயின்டிங்கும் மெக்கானிக் பாடமும் எடுக்கிற ஆசிரியர்கள் ஐசோசயனேட் பற்றி ஒரு வகுப்பு எடுக்கலாம். தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் பெரிய ஆலைகளோடு நிற்காமல் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் பக்கமும் வர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையில் வேலை பார்க்கிறவனுக்குப் பெரும்பாலும் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடும் கிடையாது, நெஞ்சு கெட்டுப்போனால் செலவெல்லாம் அவன் குடும்பத்தின் தலையில்தான். உங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் புது பைக்குகளைப் பற்றி எழுதுகிற பக்கத்தில், ஒரு வாரம் இதைப் பற்றியும் நுரையீரல் மருத்துவர் ஒருவரைக் கேட்டு விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதினால் அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டுவேன், பக்கத்துப் பட்டறைகளுக்கும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
தூத்துக்குடி