பயிற்சியின் கடைசி நாள் படிவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்: மனிதவளத் துறைத் தலைவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். தலைமைத்துவப் பயிற்சிகளை வடிவமைத்து நடத்துவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். பயிற்சி முடியும் மாலையில் அவசரமாக நிரப்பி வாங்கப்படும் கருத்துப் படிவத்தின் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு அடுத்த ஆண்டுக்கான நிதியை ஒதுக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

பயிற்சியின் பலனை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய நான்கு நிலைகளை நீங்கள் அறிவீர்கள்: பங்கேற்றவரின் எதிர்வினை, அவர் கற்றது, பணியில் அவர் நடந்துகொள்ளும் முறை, நிறுவனத்திற்குக் கிடைத்த விளைவு. திட்ட அறிக்கையில் நான்கும் இடம்பெறுகின்றன. அளப்பதோ பெரும்பாலும் முதல் நிலையை மட்டும்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து 1997இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, பயிற்சி பிடித்திருந்ததற்கும் கற்றலுக்கும் இடையே சொல்லத்தக்க தொடர்பு இல்லை என்று காட்டியது. சிரிக்கவைக்கும் பயிற்சியாளருக்கு மதிப்பெண் கூடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று 1953லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர்களை உளவியலாளர் எட்வின் ஃபிளைஷ்மன் ஆராய்ந்தார். பயிற்சி முடிந்த உடனே, தொழிலாளர்களிடம் பரிவோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் வலுத்திருந்தது. ஆனால் ஆலைக்குத் திரும்பிய பின் அந்த மாற்றம் நிலைக்கவில்லை. அவர்கள் எப்படி நடந்தார்கள் என்பதைப் பயிற்சியைக் காட்டிலும் அவர்களுடைய மேலதிகாரி எப்படி நடத்தினார் என்பதே தீர்மானித்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் கீழ்நிலை மேலாளரை மட்டும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அவருக்கு மேலே இருப்பவரை விட்டுவிடுகிறோம்.

ஆகவே, பாடத்திட்டம் எழுதும் முன்பே, இந்த மேலாளர் எந்தச் செயலை வேறுவிதமாகச் செய்ய வேண்டும் என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய சொற்களில் எழுதித் தரும்படி அவருடைய மேலதிகாரியிடம் கேளுங்கள். 'தன்னம்பிக்கை வளர வேண்டும்' என்பது போதாது. 'வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுகிறார்' என்பதைச் சரிபார்க்க முடியும். அதையே பயிற்சிக்கு முன்னும், மூன்று மாதம் கழித்தும் அவருக்குக் கீழே பணியாற்றுவோரிடம் பெயர் கேட்காமல் விசாரியுங்கள். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பயிற்சி தர இயலாத இடத்தில், காத்திருக்கும் இரண்டாம் அணியே செலவில்லாத ஒப்பீட்டுக் குழுவாகும். யார் முதலில் என்பதை மட்டும் குலுக்கலில் தீர்மானியுங்கள். இலாபத்தில் பயிற்சியின் பங்கைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்வோரைச் சற்றுச் சந்தேகத்தோடு அணுகுவது நல்லது.

தொடர்ச்சியாக மூன்று நாள் வகுப்பு வேண்டாம். அமர்வுகளுக்கிடையே சில வாரங்கள் விட்டு, கற்றதைப் பணியில் செய்துபார்த்துவிட்டு வரும்படி அமையுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் பின்தொடர் மதிப்பீட்டுக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்குவதோடு, தம் மேலதிகாரியுடன் முன்கூட்டியே அமர்ந்து பேசாதவரை வகுப்பில் சேர்ப்பதில்லை என்ற நிபந்தனையையும் எழுதிவையுங்கள். அந்த நிபந்தனையை முதலில் எதிர்க்கப்போவது எங்களைப் போன்ற பயிற்சியாளர்களாகவே இருக்கலாம். அதற்காகத் தளர்த்த வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சி வடிவமைப்பாளர்